உரப் பம்ப்புக்கு அடாப்டர் தேர்ந்தெடுத்த அனுபவம்

பெங்களூரு வீட்டில் நான் வைத்திருக்கும், நீர்ச்செடிகள் வளரும் கண்ணாடி நீர்த்தொட்டிக்கு உரக் கரைசல்களைக் காலைதோறும் கையால் அளந்து ஊற்றுவதற்குப் பதிலாக, 12 வோல்ட் டிசி மோட்டாரில் ஓடும் இரண்டு சிறிய பெரிஸ்டால்டிக் பம்ப்புகளை அமைத்து வருகிறேன். ஒன்று நைட்ரேட், பாஸ்பேட் கரைசலுக்கு. மற்றொன்று இரும்பும் சிறிதளவு செம்பும் கலந்த நுண்ணூட்டக் கரைசலுக்கு. தொட்டியில் செர்ரி இறால்கள் இருக்கின்றன. செம்பு சற்று மிகுந்தாலும் அவை தாங்காது என்பதால், அளவு துல்லியமாக இருந்தே ஆகவேண்டும்.

இந்தத் துல்லியத்துக்கும் அடாப்டருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இவ்வகைப் பம்ப்பில் உருளைகள் சிலிகான் குழாயை அழுத்திக்கொண்டே சுழல்வதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு திரவம் வெளியேறுகிறது. பம்ப்பை ஓட்டி நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பலகையோ சுற்றுகளை எண்ணுவதில்லை, நொடிகளை மட்டுமே எண்ணுகிறது. சாதாரண டிசி மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்தம் இறங்கினால் அதே நொடிகளில் குறைவான உரமே தொட்டிக்குப் போகும்.

வீட்டில் ஏற்கெனவே இருந்த, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான 12 வோல்ட் அடாப்டரை முதலில் சோதித்தேன். எதையும் இணைக்காதபோது மல்டிமீட்டர் 16 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பம்ப் ஓடும்போது 13.2 வோல்ட். காலையில் கீசர் போட்டு வீட்டு மின்னழுத்தம் குறையும் வேளையில் அதுவே 12.5 வோல்ட்டுக்கு இறங்கியது. அளவுக் குழலில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தபோது, 42 மில்லிலிட்டர் வரவேண்டிய இடத்தில் 40-க்குச் சற்றுக் குறைவாகவே வந்தது. உரம் போடும் நேரமும் கீசர் நேரமும் ஒன்றாக இருக்கும் வீட்டில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட எனக்கு மனமில்லை. ஆகவே, வீட்டு மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் வெளியீட்டை நிலையாக வைத்திருக்கும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) அடாப்டர்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது ஆம்பியர். பம்ப்பின் மேல் 5 வாட் என்று இருந்தது. கணக்குப்படி அது சுமார் 0.42 ஆம்பியர். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் மோட்டார் இதைவிடப் பல மடங்கு கேட்கும். மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து, தண்டை மெதுவாகத் திருப்பிக் கிடைத்த மிகக் குறைந்த மதிப்பாகிய 8 ஓமை எடுத்துக்கொண்டேன். 12-ஐ 8 ஆல் வகுத்தால், கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் 1.5 ஆம்பியர் கிடைக்கும். பாஸ்பேட்டும் இரும்பும் ஒன்றாகச் சேர்ந்தால் வீழ்படிவாகிவிடும் என்பதற்காக இரண்டு பம்ப்புகளையும் வெவ்வேறு நேரத்தில்தான் ஓட்டுகிறேன். எனவே 2 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போதும்.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்தபோது, கடையிலிருந்த கிருஷ்ணகிரிக்காரர், "சார், மேலே எழுதியிருக்கிறதைப் பார்த்து வாங்காதீங்க, எடையைப் பாருங்க" என்றார். உள்ளே பாகங்களைக் குறைத்த மலிவு அடாப்டர் எடை குறைவாக இருக்கும் என்பதால் நல்ல யோசனைதான், ஆனால் எடையைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. பக்கத்து ஜே.சி. ரோட்டில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். அதை அடாப்டரில் மாட்டி, சிறிது நேரம் எரியவிட்டு மின்னழுத்தத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். வாங்கி வந்த இரண்டில் ஒன்று 11.9 வோல்ட்டில் நின்றது. விலை குறைந்த மற்றொன்று 10.8-க்கு இறங்கியதோடு தொட முடியாத அளவுக்குச் சூடாகியும் விட்டது. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரை முதலாவதில்தான் இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன். கீசர் ஓடினாலும் நின்றாலும் அளவுக் குழலில் இப்போது வேறுபாடு தெரியவில்லை.

அடாப்டர் பிளக்கைச் செருகும் பின்னின் அளவையும் கவனிக்க வேண்டும். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் உள்ள பிளக்குகளில் உள் துளை 2.1, 2.5 என இரு வகை உண்டு, 2.1 பின்னில் 2.5 பிளக் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

பம்ப் கிளம்பும்போது கட்டுப்பாட்டுப் பலகை ரீசெட் ஆகாமலிருக்க, 12 வோல்ட் இணைப்பின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றையும், மோட்டார் நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அடக்க ஒவ்வொரு மோட்டாருக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்5822 டையோடையும் பற்றவைத்தேன். திருகு முனைகள் வெளியே தெரியும் திறந்த எஸ்எம்பிஎஸ் மலிவாகக் கிடைத்தாலும், தண்ணீருக்கு அருகில் 230 வோல்ட் முனைகளை வைக்க நான் உடன்படமாட்டேன். மூடிய அடாப்டரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் பொருத்தி, வயரில் வழியும் நீர் பிளக்கை எட்டாமல் கீழேயே சொட்டிவிடும்படி, வயரை ஒருமுறை தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறேன். சிலிகான் குழாய் நாளடைவில் தளரும் என்பதால், அளவுக் குழல் சோதனையை மாதந்தோறும் தொடரப் போகிறேன்.