மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை லினக்ஸ் சர்வருக்கு இணங்க வைத்த அனுபவம்

மண்டபத்தில் இறாலும் கணவாயும் பதப்படுத்தி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பல ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். அங்கிருந்த விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அதன் இடத்தில் லினக்ஸ் வகை இயங்குதளமான அல்மாலினக்ஸ் 9-ஐ நிறுவலாம் என்று எழுதிக் கொடுத்தேன். உரிமக் கட்டணம் கிடையாது என்பதை முதல் வரியிலேயே போட்டிருந்தேன். முதலாளி அதைப் படித்துவிட்டு, "தம்பி, காசு வாங்காதவன் நாளைக்குப் போனை எடுப்பானா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் ரெட் ஹாட் நிறுவனம் பல ஆண்டுகளாக விற்பதும் மென்பொருளை அல்ல, அந்தக் கேள்விக்கான பதிலை, அதாவது ஆதரவுச் சேவையைத்தான்.

ஆகவே முன்மொழிவின் வரிசையை மாற்றினேன். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, இரவில் ஐஸ் பிளான்ட் ஓடும் நேரத்தில் பழுதானால் யார் வருவார், பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 மே மாதம் வரை கிடைக்கும் என்பது ஆகியவை முதல் பக்கத்துக்கு வந்தன. ஆடிட்டர் விவரம் தெரிந்தவர்; 2029 வரை ஆதரவு என்று சொல்லப்பட்டிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ், 2021 இறுதியிலேயே நிறுத்தப்பட்டதை நினைவுபடுத்தினார். அந்த முடிவுக்குப் பிறகு உருவானதுதான் அல்மாலினக்ஸ் என்பதையும், இப்போது இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது என்பதையும், ஒருவேளை அதுவும் நின்றால் அதே போன்ற இன்னொரு லினக்ஸான ராக்கி லினக்ஸுக்கு மாறுவதற்கு அதிக வேலை இருக்காது என்பதையும் விளக்கினேன்.

கணக்கர்களின் கவலை வேறு. டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அவர்களுடைய கணினிகளில் நான் கை வைக்கவில்லை. தரவுக் கோப்புறையை மட்டும், லினக்ஸில் உள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் சாம்பா என்ற மென்பொருள் வழியாகப் புதிய சர்வரில் வைத்து, பழைய டிரைவ் எழுத்தையே கொடுத்தேன். காலையில் வந்தவர்களுக்கு மாற்றமே தெரியவில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புத் திரையைக் கண்டு மிரண்ட மேலாளருக்கு, சர்வரை நிர்வகிக்கும் காக்பிட் என்ற கருவியைப் பிரௌசரில் திறந்து, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம், எந்தச் சேவை நின்றிருக்கிறது என்பதைப் பார்க்கப் பழக்கினேன்.

எல்லாவற்றையும்விட அவர்களை நம்ப வைத்தது மீட்புச் சோதனைதான். பழைய கன்டெய்னர் ஒன்றின் இன்வாய்ஸ்களும் சுகாதாரச் சான்றிதழ்களும் அடங்கிய கோப்புறையின் நகலை அவர்கள் கண்ணெதிரே அழித்துவிட்டு, முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துக் காட்டினேன். மின்சாரம் போய் யூபிஎஸ் பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாகவே முறைப்படி அணைவதையும் அப்போதே பார்த்தார்கள். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடிப்பதற்கு மட்டும் எந்த இயங்குதளத்திடமும் மருந்து இல்லை.

கையெழுத்திடுவதற்கு முன் முதலாளி வைத்த நிபந்தனை ஒன்றே: நான் ஊரில் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டும். சர்வரில் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் அலுவலகப் பெட்டகத்தில் வைப்பது என்றும், இராமநாதபுரத்தில் இன்னொரு லினக்ஸ் பணியாளரை மாற்று ஆளாக ஒப்பந்தத்தில் சேர்ப்பது என்றும் எழுதிக்கொண்டோம். இப்போது குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலைப் பதிவுகளையும் அதே சர்வரில் சேமிக்கக் கேட்டிருக்கிறார்கள்.