பச்சை வண்டி: அக்டோபர், நவம்பர் 2025

1 அக்டோபர் 2025, புதன் (ஆயுத பூஜை)

காலைல அஞ்சரைக்கே எழுந்து வண்டியக் கழுவ ஆரம்பிச்சுட்டேன், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சாகணும், பானெட் சூடாயிட்டா ஷாம்பு அப்படியே காஞ்சு ஒட்டிக்கும். எங்க வீட்டு போர் தண்ணி சரியான உப்பு, காஞ்சா வட்ட வட்டமா வெள்ளை விழும், இந்தக் கலர்ல அது பத்தடி தள்ளி நின்னாலே தெரியும். அதனால கழுவுறது போர் தண்ணில, கடைசியா ஊத்துறது மட்டும் ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி. குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துறானேன்னு ஆரம்பத்துல அம்மாவுக்கு வருத்தம். இப்ப அவங்களே ராத்திரி ரெண்டு பக்கெட்ட ரொப்பி போர்ட்டிகோல வச்சுட்டுத்தான் படுக்குறாங்க.

சந்தனம் குங்குமம் கண்ணாடி ஓரத்துலயும் நம்பர் பிளேட்டுலயும் மட்டும் வச்சோம். முன்னாடி இருந்த வெள்ளை வண்டில பானெட் மேல ஈரக் குங்குமம் வச்சு, வெயில்ல நிறுத்தி, கறை இறங்கி, விக்கிற வரைக்கும் அந்த ரோஸ் கலர் வட்டம் போகவேயில்ல. எலுமிச்சம்பழம் நாலு டயருக்கும் வச்சு ஏத்தியாச்சு, பூசணிக்காய கேட்டுக்கு வெளிய தள்ளிப் போய் உடைச்சோம்.

இந்த நோட்ட இன்னைக்கு ஆரம்பிக்கிறதுனால வண்டியப் பத்தி ஒரு தடவ எழுதி வச்சுக்கறேன். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020 ஆட்டோ எக்ஸ்போல காட்டுனாங்க, இந்தியாவுக்கு மொத்தமே 200 வண்டி, வெளிநாட்டுல முழுசா கட்டி இறக்குமதி பண்ணது, எக்ஸ் ஷோரூம் 35.99 லட்சம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 பிஎஸ், 370 என்எம், 7 கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக் கியர்), நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.6 செகண்ட். கருப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சைன்னு அஞ்சு கலர்ல வந்துச்சு, அந்த 200-ஐ அஞ்சா பிரிச்சுக்கிட்டா பச்சை எவ்ளோ இருக்கும்னு நினைச்சுப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கும். பச்சையோட பேரு ராலி கிரீன். நான் ரெண்டாவது ஓனர், 2023ல சென்னைல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். அவர் சாவியக் குடுக்கும்போது எஞ்சினப் பத்தி ஒரு வார்த்த பேசல, "கலர மட்டும் பாத்துக்கோங்க"ன்னு சொன்னார்.

அம்மா அதக் கிளிப்பச்சைம்பாங்க. எனக்கு அது கிளிப்பச்சை இல்ல. நிழல்ல பாத்தா நல்லா விளைஞ்ச வாழை இலை, வெயில் பட்டா உள்ள இருந்து ஒரு மஞ்சள் தூக்கிட்டு வரும், மேகம் மூடுச்சுன்னா மறுபடி இலையாயிரும். ரெண்டரை வருஷமா தினமும் பாக்குறேன், இன்னும் பார்க் பண்ணிட்டு நாலடி போயித் திரும்பிப் பாக்காம என்னால போக முடியறதில்ல.

6 அக்டோபர், திங்கள்

புது ஆக்டேவியா ஆர்எஸ்க்கு இன்னைக்கு புக்கிங் திறந்தாங்க. இந்தத் தடவ 100 வண்டிதான், 265 பிஎஸ். திறந்த கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சுருச்சு. இந்தியால செடான் செத்துப்போச்சு, எல்லாருக்கும் எஸ்யூவிதான் வேணும்னு சொல்றவங்க இதையும் கணக்குல எடுத்துக்கணும்.

நான் மொதல்ல தேடுனது கலர் லிஸ்ட்ட. பச்சை இருக்கு, ஆனா அது மாம்பா கிரீன், ராலி கிரீன் இல்ல. மாம்பா நல்லா பளிச்னு இருக்கு, குறை சொல்லல, ஆனா அது வேற பச்சை. பழைய ராலி கிரீன் நம்ம ஊருல 2017ல வந்த 230 பிஎஸ் வண்டிலயும் அப்புறம் இந்த 245லயும்தான் வந்துச்சு, இனி வராது போல. இருக்கறத வச்சுக் காப்பாத்திக்க வேண்டியதுதான்.

12 அக்டோபர், ஞாயிறு

எழுதவே கை வரல.

தீபாவளி ஜவுளி எடுக்க கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோடு போனோம். நான் பஸ்லயே போலாம்னு சொன்னேன், அம்மாவுக்கு முட்டி வலி, அதனால வண்டிய எடுத்தேன். பார்க்கிங்ல சுவரோரமா நல்லா எடம் விட்டுத்தான் நிறுத்தினேன். ரெண்டு மணிநேரம் கழிச்சு வந்து பாத்தா இடது பக்கம் பின் கதவுல ஒரு கோடு. ஏதோ டூவீலர் ஹேண்டில்பாரு, இல்லன்னா ஃபுட்ரெஸ்ட்டு, யாருன்னு தெரியல, நிக்கவுமில்ல. கேமரா அந்தப் பக்கம் திரும்பல.

வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். நீளம் ஒரு சாண். நகத்த வச்சு குறுக்கால இழுத்தா பாதி தூரத்துக்கு நகம் சிக்கல, அது கிளியர் கோட்டோட, அதாவது கலருக்கு மேல அடிக்கிற கண்ணாடி மாதிரி பூச்சோட நின்னுருக்கு, பாலிஷ்ல போயிரும். கைப்பிடிக்கு நேர் கீழ ரெண்டு சென்டிமீட்டர்ல மட்டும் நகம் டக்குனு நிக்குது, அங்க பச்சை போயி, கலருக்கு அடில அடிக்கிற வெளுத்த பிரைமர் தெரியுது. பானெட்டுக்கும் பம்பருக்கும் பிபிஎஃப் (பெயிண்டக் காப்பாத்துற கண்ணாடி மாதிரி பிலிம்) ஒட்டியிருக்கேன், கதவுகளுக்கும் சேத்து ஒட்டலாம்னு அப்பவே சொன்னாங்க, காசப் பாத்து விட்டுட்டேன். அம்மா, "எனக்காகத்தான வண்டிய எடுத்த"ன்னு சொல்லிட்டு சாப்பிடாமயே படுத்துட்டாங்க, அவங்கள எழுப்பி ரெண்டு இட்லி சாப்பிட வைக்கிறதுக்குள்ள மணி பத்தரை ஆயிருச்சு. அவங்க மேல ஒரு துளி கோவமில்ல எனக்கு.

14 அக்டோபர், செவ்வாய்

பெரிய பாடி ஷாப் ஒன்னுல காமிச்சேன். அட்வைசர் நல்லாத்தான் பேசுனாரு. பின் கதவு ஃபுல்லா, அதுக்குப் பின்னாடி டயர் மேல வர்ற குவார்ட்டர் பேனல் ஃபுல்லா, முன் கதவுல பிளெண்ட், இன்சூரன்ஸ்ல போயிரும்னாரு. ரெண்டு சென்டிமீட்டர் காயத்துக்கு இடது பக்கம் மொத்தமும். அவர் சொன்ன முறை தப்பில்ல, மெட்டாலிக் கலர்ல ஒரு கதவ மட்டும் அடிச்சா பக்கத்துக் கதவோட ஒத்துப்போகாது, அதுக்காகத்தான் பக்கத்துப் பேனல்வரைக்கும் கரைச்சுக் கொண்டுபோவாங்க.

ஆனா அவங்க மிக்சிங் ரூம்ல கம்பெனி கலர் கோட் நம்பர் போட்டு அடிச்சுக் காமிச்ச கார்டு இருக்கே, ட்யூப்லைட்ல அச்சு அசல், வெளிய வெயில்ல கொண்டுவந்து கதவுல ஒட்டிப் பாத்தா அது நீலம் கலந்த பச்சை. என் பச்சைல இருக்கற மஞ்சள் அதுல இல்லவே இல்ல. நான் சொன்னதுக்கு "வெயில்ல இவ்ளோ கிட்ட வச்சு யாரு சார் பாக்கப்போறா"ன்னுட்டாரு. நான் பாப்பேன். வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு, மொத்தமா கலர் பிலிம் ஒட்டி ராப் பண்ணி கருப்பாக்கிடு, கீறல் கவலையே இல்லைன்னான். ஆர்சில கலர்னு ஒரு கட்டம் இருக்கு, மாத்தணும்னா ஆர்டிஓல போயி மாத்தி வாங்கணும். அது பெரிய விஷயமில்ல. அந்தக் கட்டத்துல இப்ப என்ன எழுதியிருக்கோ அதுக்காகத்தான நான் இந்த வண்டிய வாங்கினதே.

20 அக்டோபர், திங்கள் (தீபாவளி)

எங்க ஏரியா வடவள்ளி, மருதமலை அடிவாரம், இங்க மயில் ஜாஸ்தி. ஆண் மயில் பளபளன்னு இருக்கற வண்டில தன் உருவத்தப் பாத்துட்டு இன்னொரு மயில்னு நினைச்சுக் கொத்தும், பக்கத்து வீட்டுக் கருப்பு வண்டில கதவு பூரா புள்ளி புள்ளியா இருக்கு. அதனால கவர் போடாம இருக்க முடியாது. கவரையும் சும்மா போடக்கூடாது, தூசி இருக்கும்போது போட்டு, மேல காத்தடிச்சா கவரே உப்புத்தாளா மாறிரும். கழுவித் தொடைச்சு, உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கற கவரப் போட்டு, அடில கயிறு கட்டணும். இன்னைக்கு வெடிச் சத்தத்துல மயில் ஒன்னுகூட வரல, ஆனா கவர் மேல கரியும் பேப்பரும் கொட்டிக் கிடக்கு. சாயங்காலம் மழை வேற. நாளைக்கு உதறாம சுருட்டி எடுக்கணும்.

26 அக்டோபர், ஞாயிறு

சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன பட்டறை, மச்சான் சொல்லித்தான் போனேன். பெயிண்டர் அண்ணனுக்கு அறுவது வயசு இருக்கும், பதினஞ்சு வயசுல பட்டி தேய்க்க வந்தவராம். நான் கோட் நம்பர் சொல்ல வாயெடுத்தேன், கையக் காட்டி நிறுத்திட்டாரு. "நம்பர் அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி, பெட்ரோல் மூடியக் கழட்டிக் குடுங்க."

அவர் சொன்னது இதான். கம்பெனிலருந்து வந்தப்ப எல்லா வண்டியும் ஒரே பச்சை, அஞ்சு வருஷம் வெயில்ல நின்ன அப்புறம் ஒவ்வொன்னும் தனிப் பச்சை. நம்பர் பழைய பச்சையச் சொல்லும், மூடி இன்னைக்கு இருக்கற பச்சையச் சொல்லும். மூடிய பாலிஷ் பண்ணி, பெஞ்சுல வச்சு, அதுக்குப் பக்கத்துல கார்டு கார்டா அடிச்சுக் காட்டுனாரு, ஒவ்வொரு கார்டுலயும் கிளியரும் அடிச்சு, காய வச்சு. கிளியர் அடிக்காம கலரப் பாக்கவே கூடாதாம்.

மொத கார்டு பாடி ஷாப் கார்டு மாதிரியே நீலம் தூக்குச்சு. ரெண்டாவதுல மஞ்சள் ரெண்டு சொட்டு விட்டாரு, கிட்ட வந்துச்சு, ஆனா சாச்சுப் பாத்தா கருத்துப் போச்சு. ஏன்னு கேட்டேன். பச்சைக்குள்ள அலுமினியம் செதில் செதிலா மிதக்குதாம், ஈரமா அடிச்சா செதில் உள்ள முங்கிரும், நேராப் பாக்கும்போது கலர் கருக்கும், தள்ளி நின்னு ஈரமில்லாம அடிச்சா செதில் மேலாப்ல படுத்து வெளுக்கும். "கலரு டப்பால பாதிதாங்க தம்பி, மீதி கைல." மூணாவது கார்டுக்கு கலவைய மாத்தவேயில்ல, ஸ்ப்ரே கன்ன ஒரு அரை அடி தள்ளிப் பிடிச்சாரு, அவ்ளோதான். நம்பவே முடியல, அதே டப்பா, வேற பச்சை. நாலாவதுல மஞ்சள் இன்னும் ஒரு சொட்டு. வெளிய கொண்டுபோயி வெயில்ல மூடியையும் கார்டையும் ஒட்டிப் பிடிச்சு, நேரா, சாச்சு, முழங்கால் உயரத்துல வச்சு, அப்புறம் என்னைய முதுகக் காட்டி நிக்கச் சொல்லி நிழல்ல வச்சுப் பாத்தாரு. எனக்கு எது மூடி எது கார்டுன்னு விளிம்ப வச்சுத்தான் தெரிஞ்சுது.

உடனே கதவ அடிச்சுருங்கண்ணான்னேன். அவருதான் வேண்டாம்னாரு. பெயிண்ட் எவ்ளோ தடிமன்னு காட்டுற மைக்ரான் மீட்டர எடுத்து வண்டி பூரா வச்சுக் காமிச்சாரு, பிபிஎஃப் ஒட்டுன எடம் போக எல்லா பேனலும் 110லருந்து 130க்குள்ள. "ஒரு இடத்துலகூட கன் படல தம்பி. இந்தக் கதவ நான் அடிச்சா எவ்ளோ நல்லா அடிச்சாலும் 250, 300 காட்டும். கம்பெனி பெயிண்டு ஒரு தடவதான் வரும். டச்சப்பே போதும், கிட்ட வந்தாத் தெரியும், தெரிஞ்சுட்டுப் போகுது." கதவு அடிச்சா அவருக்கு நல்ல காசு, டச்சப்புக்கு ஐநூறு ரூபா கேட்டாரு. நான் அங்கயே சரின்னு சொல்லல. ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன். கண்ணுக்கு சுத்தமா இருக்கணுமா, இல்ல அந்தப் பச்சை ஒரிஜினலா இருக்கணுமா. எனக்கு ஒரிஜினல்தான் வேணும், அந்தக் கோடு தெரிஞ்சாலும் பரவால்ல.

2 நவம்பர், ஞாயிறு

ஒரு வாரமா டெய்லி சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு பட்டறைக்குப் போனேன். பிரஷ் கிடையாது, ஊசி முனைல கலரத் தொட்டு அந்த ரெண்டு சென்டிமீட்டர் பள்ளத்துல மட்டும் வைக்கிறாரு, ஒரு நாளைக்கு ஒரு லேயர், மூணு நாள் கலரு, ரெண்டு நாள் கிளியர். பள்ளத்த விட கொஞ்சம் மேடாகுற வரைக்கும். நேத்து 2500 நம்பர் உப்புத்தாளை நனைச்சு, ஐஸ்குச்சில சுத்தி, அந்த மேட்ட மட்டும் தேய்ச்சாரு, அப்புறம் 3000, அப்புறம் கம்பவுண்ட், பாலிஷ். தேய்க்கும்போது தண்ணில பச்சை வருதா பச்சை வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, வெள்ளையா வந்தா கிளியர் தேயுதுன்னு அர்த்தம், பச்சை வந்தா நிறுத்தணும். பச்சை வரவேயில்ல.

ஆறடி தள்ளி நின்னா ஒன்னும் தெரியல. கிட்டப் போயி சாச்சுப் பாத்தா ஒரு அரிசி நீளத்துக்கு செதில் மின்னுறது கொஞ்சம் கம்மி, ஊசில வச்ச கலருக்கு செதில் படுக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டாரு. மீட்டர் அந்த எடத்துல 140. ஐநூறோட கூட சேத்துக் குடுத்தத வாங்க மாட்டேன்னுட்டாரு, தீபாவளிக்கு மிஞ்சுன அம்மா செஞ்ச அதிரசத்த மட்டும் வாங்கிட்டாரு.

9 நவம்பர், ஞாயிறு

அம்மாவக் கூட்டிட்டு வால்பாறை. ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, டிஎஸ்ஜிய மேனுவல்ல போட்டு ரெண்டாவது மூணாவதுலயே ஏறுனேன், அம்மா இருக்காங்கன்னு வேகமெல்லாம் போகல, ஆனா வளைவு முடிஞ்சு நிமிர்த்தும்போது அந்த 370 என்எம் மெதுவா முதுகத் தள்ளுறது இருக்கே, அதுக்காகவே இன்னும் 40 வளைவு இருக்கலாம்னு தோணுச்சு. ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் குறுக்கால ஏத்தி இறக்கணும், இல்லன்னா அடி தட்டும்.

டீ எஸ்டேட் ஓரமா நிறுத்தி இறங்கிப் பாத்தேன். ஊருக்குள்ள ரோடே திரும்பிப் பாக்குற கலரு, இங்க தேயிலைக்கு நடுவுல அடக்கமா நின்னுச்சு. புதுக் கொழுந்து நிறமும் கதவோட நிறமும் கிட்டத்தட்ட ஒன்னு. அம்மா ஒரு கொழுந்தக் கிள்ளி, பின் கதவுல அந்த எடத்துகிட்ட வச்சுப் பாத்துட்டு, "இதான்டா உன் கலரு, கிளி இல்ல"ன்னாங்க.

வர்றப்ப மழை, சேறு. வீட்டுக்கு வந்ததும் ராத்திரி ஒம்போது மணிக்கு வண்டி மேல தண்ணி பீச்சி மண்ண மட்டும் இறக்கினேன், தேய்க்கல, நாளைக்குக் காலைல பாத்துக்கலாம். நாலாவது கார்டு கிளவ் பாக்ஸ்ல ஆர்சி காப்பி கூட இருக்கு, பின்னாடி பெயிண்டர் அண்ணன் பேனால கலவைக் கணக்க எழுதிக் குடுத்திருக்காரு. மீதிக் கலரு மருந்து பாட்டில்ல அம்மாவோட அலமாரில இருக்கு, மேல "தம்பி வண்டி, தொடாதே"ன்னு அவங்களே எழுதி ஒட்டியிருக்காங்க.