உள்ளூர் கேம் சந்திப்புக்கு பில்டோடு போங்கள்

தனியாகவோ சிறு அணியாகவோ சொந்தமாகக் கேம் செய்பவர்கள் கூடும் உள்ளூர் இண்டி கேம் குழுவில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் பலரும் "கேம் முடியட்டும், அப்புறம் போய்க் காட்டலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். முடிந்த பிறகு போனால் திருத்த எதுவும் மிஞ்சியிருக்காது. உங்கள் கேமை அதுவரை பார்த்தே இராத ஒருவர் உங்கள் கண்ணெதிரே அதை விளையாடுவார். குழுவில் கிடைப்பதில் ஆகப் பெரியது அதுதான். ஆகவே முதல் சந்திப்புக்கே ஒரு பில்டோடு, அதாவது கேமின் ஓட்டி விளையாடக்கூடிய ஒரு பதிப்போடு, போங்கள். பாத்திரங்கள் வெறும் சதுரங்களாக இருக்கலாம், இசை இல்லாமலும் இருக்கலாம். ஐந்து நிமிடம் விளையாட முடிந்தால் போதும்.

அந்த ஐந்து நிமிடம் கேமின் முதல் ஐந்து நிமிடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கே எந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறதோ, அங்கிருந்து தொடங்கும்படி தனி பில்ட் போடுங்கள். நடுவிலிருந்து தொடங்குபவருக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது என்பதால், அதை மட்டும் ஒரு திரையில் காட்டிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், பில்டை இன்னொருவருடைய கணினியில் ஓட்டிப் பாருங்கள். கேம் செய்யும் மென்பொருளான எடிட்டரில் ஒழுங்காக ஓடுவது வெளியே காலை வாரும். படக் கோப்பின் பெயரில் பெரிய ஆங்கில எழுத்து, கோடில் (நிரலில்) சின்ன எழுத்து என்று இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸில் அந்தப் படம் லோடே ஆகாது. அடுத்தது வேகம். ஃபிரேமுக்கு (திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும்) 5 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருந்தால், விநாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் விநாடிக்கு 300 பிக்சல் ஓடும் பாத்திரம் 144 ஹெர்ட்ஸ் திரையில் 720 பிக்சல் ஓடும். வேகத்தை விநாடிக் கணக்கில் வைத்து டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்கினால் இந்தத் தொல்லை இல்லை. பிரவுசர் பில்ட் என்றால், விளையாடுபவர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை சத்தம் வராது. ஆகவே முதல் திரையில் ஒரு 'தொடங்கு' பட்டன் வையுங்கள். கோடோ என்ற கேம் எஞ்சினின் 4.0 முதல் 4.2 வரையிலான பதிப்புகளில் எடுத்த வெப் பில்டை, கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் ஏற்றினால், அங்கே ஷேர்டு அர்ரே பஃபர் என்ற தேர்வை டிக் செய்யாவிட்டால் கேம் திறக்காது. 4.3 முதல் த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் வசதி) இல்லாமலே எக்ஸ்போர்ட் செய்யலாம், அப்போது அந்தத் தேர்வு தேவைப்படாது.

பையில் சார்ஜர், மௌஸ், ஹெட்போன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நான்கும் கட்டாயம் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் லேப்டாப் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் இழுப்பதற்கு உங்கள் கோடு காரணமா, பேட்டரியா என்று அங்கே தெரியாது. கண்ட்ரோலர் இருந்தால் வயரோடு கொண்டுபோங்கள், கூட்டத்தில் புளூடூத் இணைப்பு சதி செய்யும். இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சில கீபோர்டுகள் மூன்றாவதைப் பதிவு செய்யாது. தாவல் சில நேரம் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் இதையும் சோதியுங்கள். 60 விநாடி யாரும் எதையும் தொடாவிட்டால் கேம் தானாக முதல் திரைக்குத் திரும்ப வேண்டும். பழைய சேவ் (முந்தையவர் விளையாடிச் சேமித்த நிலை) அழிய வேண்டும்.

இனி, பக்கத்தில் உட்காரும் நேரம். இதுதான் ஆகக் கடினம். ஒருவர் மூடிய கதவின் முன் நிற்கிறார். கதவைச் சுற்றி வருகிறார், தாவுகிறார், சுவரை முட்டுகிறார். உங்களுக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும்: "'இ' கீயை அழுத்துங்க." சொல்லாதீர்கள். சொன்ன நொடியிலேயே, அந்தக் கதவு கதவாகத் தெரியவில்லை என்ற உண்மை உங்கள் கையைவிட்டுப் போய்விடும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: "2:10, கதவு, 40 விநாடி." முழுதாகச் சிக்கி எரிச்சல் தெரிந்தால் மட்டும் உதவுங்கள், உதவியதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் கேட்டுக்கொண்டு ஓபிஎஸ் என்ற மென்பொருளில் திரையைப் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

முடிந்ததும் "பிடிச்சிருந்துதா?" என்று கேட்டால் "நல்லா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். "அந்த அறையில என்ன செய்யணும்னு நினைச்சீங்க?" என்று கேளுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

வருகிற யோசனைகளை அப்படியே கோடில் ஏற்றிவிடாதீர்கள். "டபுள் ஜம்ப் வையுங்க" என்று ஒருவர் சொல்கிறார், அதாவது காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவும் வசதி. அவர் விளையாடியதைத் திரும்பப் பாருங்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிய இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத் தாவல் பட்டனை அழுத்தியிருப்பார். கேம் அதை ஏற்கவில்லை, பாத்திரம் விழுந்துவிட்டது. அவர் கண்ணுக்கு அவர் சரியாகத்தான் அழுத்தினார். விளிம்பை விட்ட பிறகும் 0.1 விநாடி, அதாவது விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் 6 ஃபிரேம், தாவலை அனுமதியுங்கள். இதற்குக் கோயோட்டி டைம் என்று பெயர். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டால் அதையும் நினைவில் வைத்திருந்து, தொட்டதும் தாவ விடுங்கள். டபுள் ஜம்ப் வைத்திருந்தால் எல்லா லெவலையும் மறுபடி அளந்து கட்ட வேண்டியிருக்கும்.

ஐந்து பேரில் மூவர் ஒரே இடத்தில் சிக்கினால் அதைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சிக்கினால் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த சந்திப்பில் கவனியுங்கள். குழுவில் இருபது பேர் இருந்தால் இருபது பேரிடமும் ஒரே நாளில் காட்டிவிடாதீர்கள். முதல் தடவை விளையாடும் கண் ஒருவருக்கு ஒருமுறைதான். திருத்திய பில்டுக்கும் புதுக் கண்கள் வேண்டும். இன்னொன்று, குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் கேம் பழகியவர்கள், பெட்டியைக் கண்டால் உடைத்துப் பார்ப்பார்கள். கேம் அதிகம் விளையாடாத ஒருவரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

நீங்கள் காட்டிய அளவுக்குக் குறையாமல் மற்றவர்கள் கேமையும் விளையாடிக் கொடுங்கள். தீர்வு சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லுங்கள்: "இங்க மேப்பை ரெண்டு தடவை திறந்தேன், நான் எங்க இருக்கேன்னு தெரியல." செய்தவருக்கு வேண்டியது அதுதான்.

கேம் ஜாம், அதாவது குறித்த கெடுவுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வு, நடந்தால் கண்டிப்பாகக் கலந்துகொள்ளுங்கள். 2009-இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் உள்ளூர் இடங்களில் நேரில் கூடிச் செய்வதற்கென்றே உருவானது. பாபா இஸ் யூ என்ற புதிர் கேம் முளைத்ததும் 2017 நார்டிக் கேம் ஜாமில்தான். அணி மூன்று நான்கு பேரைத் தாண்ட வேண்டாம். ஒரு சீன் கோப்பை (கேமின் ஒரு காட்சியை வைத்திருக்கும் கோப்பை) ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால், கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் கருவியில் இருவர் வேலையையும் ஒன்றாக்கும் மெர்ஜ் சிக்கலாகும். ஆளுக்கொரு சீன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கெடு முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே ஓடுகிற பில்ட் ஒன்றை ஏற்றிவிடுங்கள், பிறகு மெருகு போடலாம்.

ஜாம் முடிந்து பிரிவதற்கு முன், அந்தக் கேமைப் பின்னால் யாராவது வளர்த்து விற்க நினைத்தால் கோடு, ஓவியம், இசை யாருடையது, பெயர் எப்படிப் போடுவது, பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று அரைப் பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்திய எழுத்துருக்கள், ஒலிகள் எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தவை என்ற பட்டியலும் அதே கோப்பில் இருக்கட்டும்.