தோட்டாவுக்குள் என் பெயர்

எகிப்து போய்வந்த சித்தி மகள் ஒரு வெள்ளி டாலர் கொடுத்தாள். நீள்வட்டத்துக்குள் பழைய எகிப்தியப் பட எழுத்தில் என் பெயராம். கழுகு, ஆந்தை, ஒரு கை.

வட்டத்தின் அடியில் குறுக்காக ஒரு கோடு. உற்றுப் பார்த்தால் அது கயிற்று முடிச்சு. உள்ளே இருக்கும் பெயரைக் காக்கும் கட்டு.

அந்தக் காலத்தில் அரசர், அரசியர் பெயருக்குத்தான் இந்த மரியாதை.

இந்த நீள்வட்டத்துக்கு 'கார்ட்டூஷ்' என்று பெயர் வைத்தது நெப்போலியனின் படைவீரர்கள் என்பார்கள். பிரெஞ்சில் தோட்டா. சிப்பாய்க்கு வேறென்ன தோன்றும்!

காக்க வந்த கட்டே அப்புறம் காட்டிக்கொடுத்தது. ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் பொறித்த ரொசெட்டா கல் 1799-ல் கிடைத்தது. அதில் கட்டுக்குள் இருந்தது தாலமி அரசனின் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் மற்ற எழுத்துகளையும் அவிழ்த்தார்.

அரசனுக்கு மட்டும் என்றிருந்ததை, இவள் கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கி வந்திருக்கிறாள்.