விளக்கைப் போட்டால் எண்ணெய் சூடாகுமா?

சென்ற சனிக்கிழமை என் விமானத்தின் எஞ்சினை மூன்றாவது முறையாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் அமரும் அலுமினிய விமானம், ஆர்வி-9ஏ. விஸ்கான்சினில் ஒரு வாடகை ஹேங்கரில் ஐந்து ஆண்டுகளாக, வார இறுதிகளில் ரிவெட் ரிவெட்டாக அடித்துச் சேர்த்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. லேண்டிங் லைட் சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் எண்ணெயின் வெப்பநிலை அந்த நொடியே ஆறு டிகிரி ஏறியது. அணைத்தேன், இறங்கியது. மறுபடி போட்டேன், மறுபடி ஏறியது.

ஐந்தரை லிட்டர் எண்ணெய் ஒரு நொடியில் சூடாகாது. அப்போதுதான் வோல்ட்மீட்டரையும் பார்த்தேன். 14.1-ல் இருந்தது 13.7 காட்டியது. எஞ்சினை நிறுத்தினேன்.

மகளை விமானி இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, நான் மல்டிமீட்டருடன் கருவிப் பேனலுக்குக் கீழே படுத்தேன். சுவிட்சைப் போட்டதும், "அப்பா, பேனலில் 12.1 காட்டுகிறது" என்றாள். அதே நேரத்தில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் காட்டியது 12.5. பேட்டரி பொய் சொல்லாது. இடையில் எங்கோ 0.4 வோல்ட் தொலைகிறது. பிளஸ் பக்கத்தில் தேடி அரை மணி நேரம் போயிற்று. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேனலின் எர்த் பட்டையிலும், மறுமுனையை ஃபயர்வாலில், அதாவது எஞ்சினையும் அறையையும் பிரிக்கும் தகட்டில், உள்ள முதன்மை எர்த் கட்டையிலும் வைத்தேன். எர்த் என்பது இங்கே மின்னோட்டம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. இரண்டுமே பூஜ்யத்தில் இருக்கவேண்டிய இடங்கள். 420 மில்லிவோல்ட் காட்டியது.

காரணம் நான் செய்ததுதான். ஒரு கம்பியை மிச்சப்படுத்தலாம் என்று லேண்டிங் லைட்டின் எர்த்தையும் பேனல் பட்டையிலேயே இணைத்திருந்தேன். அந்தப் பட்டையிலிருந்து கட்டைக்குப் போகும் கம்பியின் லக்கை, அதாவது நுனியில் மாட்டும் உலோக முனையை, சரியாக அழுத்திக் கிரிம்ப் செய்யவில்லை. கையால் இழுத்ததும் பாதி இழைகள் வெளியே வந்துவிட்டன. கிளாம்ப் மீட்டரில் விளக்கின் மின்னோட்டம் 8 ஆம்பியர். 0.42 வோல்ட்டை 8-ஆல் வகுத்தால் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு தடை, விரல்நுனி அளவுள்ள ஒரு லக்கில் மூன்று வாட்டுக்கு மேல் வெப்பமாக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் சென்சாரின் எர்த் எஞ்சினில் இருக்கிறது, அதை அளக்கும் கருவியின் எர்த் பேனலில். பேனலின் எர்த் 0.42 வோல்ட் மேலே தூக்கப்பட்டதும், எண்ணெய் சூடாகிவிட்டதாகக் கருவி நினைத்துக்கொண்டது.

எந்தக் கருவியும் அளப்பது தன் இரு கம்பிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைத்தான். இதை மறந்தால் எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும் பயனில்லை. இப்போது வோல்ட்மீட்டருக்கென்று, எல்லாச் சுமைகளுக்கும் பிளஸ் பிரியும் பஸ்பாரிலிருந்து தனிக் கம்பி இழுத்திருக்கிறேன், 1 ஆம்பியர் ஃபியூஸுடன். அதில் வேறு எந்தச் சுமையும் கிடையாது. லேண்டிங் லைட்டின் எர்த் நேராகக் கட்டைக்குப் போகிறது.

ஆம்பியரை அளக்க முதலில், கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வளையத்தைத்தான் வைத்தேன். கம்பியை வெட்டவேண்டாம், வளையத்துக்குள் நுழைத்தால் போதும் என்பது பிடித்திருந்தது. ஆனால் ஜனவரி காலைக் குளிரில், எல்லாம் அணைந்திருக்கும்போதே ஓர் ஆம்பியருக்கு மேல் காட்டியது. கழற்றிவிட்டு ஷண்டுக்கு மாறினேன். மின்னோட்டத்தின் வழியிலேயே வைக்கும், மிகச் சிறிய தடையுள்ள உலோகக் கட்டை அது. 50 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட் தரும். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஓர் ஆம்பியர். சந்தேகம் வந்தால் சாதாரண மல்டிமீட்டரை அதன் மேல் வைத்தே சரிபார்த்துவிடலாம்.

அதை எங்கே வைப்பது என்று பல இரவுகள் யோசித்தேன். பேட்டரிக் கம்பியில் வைத்தால் மின்னேற்றமா இறக்கமா என்று தெரியும். ஆனால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். நான் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியிலிருந்து, வெளிவரும் கம்பியில் வைத்தேன். எஞ்சின் நின்றிருந்தால் பூஜ்யம்தான் காட்டும், பார்ப்பவர்கள் பழுது என்று நினைப்பார்கள். பரவாயில்லை. ஆல்டர்னேட்டர் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு சுமக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். ஷண்டிலிருந்து பேனலுக்குப் போகும் இரு மெல்லிய கம்பிகளும் முழு 14 வோல்ட்டில் இருப்பவை. உறை தேய்ந்து உலோகத்தில் பட்டால் பழுத்துச் சிவந்துவிடும். ஆகவே ஷண்டின் அருகிலேயே இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ். இதில் சோம்பல்படவே கூடாது.

பறக்கும்போது முதலில் காப்பாற்றப்போவது ஆம்பியர் மீட்டர் அல்ல. 13.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னும் சிவப்பு விளக்குதான். ஆல்டர்னேட்டர் செத்துவிட்டால் என்னிடம் இருப்பது 17 ஆம்பியர்-மணி பேட்டரி மட்டும். பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள் இருப்பதால் எஞ்சின் நிற்காது. ஆனால் ரேடியோவும் திரைகளும் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. சுமையை உடனே 5 ஆம்பியருக்குக் குறைத்தால் நிதானமாக ஓர் ஓடுதளம் தேடலாம். கவனிக்காமல் இருபது நிமிடம் போனால் அந்த நிதானம் கிடைக்காது. அந்த விளக்குக்குப் பொய்யான வோல்ட் போய்ச் சேர்ந்தால்? அதனால்தான் 420 மில்லிவோல்ட்டுக்கு இவ்வளவு பாடு.

புதிய லக் போட்டு ஞாயிறன்று மீண்டும் ஓட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் 19 ஆம்பியர். பேட்டரி இழந்ததை மீட்டுக்கொள்ள, பத்து நிமிடத்தில் 9. லேண்டிங் லைட்டைப் போட்டேன். 17. வோல்ட் 14.1-லேயே நின்றது, எண்ணெய் அசையவில்லை. முதல் பறப்புக்குப் பிறகு என் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் 25 மணி நேரச் சோதனைப் பறப்பு விதித்திருக்கிறார்கள். அதற்கு முன் ஒவ்வொரு எர்த் கம்பியையும் சுமையுடன் மில்லிவோல்ட்டில் அளந்து நோட்டில் எழுதிவிட வேண்டும். பதினான்கில் ஐந்து முடிந்தன. அடுத்தது பிட்டாட் ஹீட்டர், காற்றுவேகத்தை அளக்க உதவும் குழாயைச் சூடாக்குவது.