அடித்து எழுதிய பெயர்

எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பது ஒரே ஒரு கல்யாண போட்டோ. கோத்தகிரி ஈரத்தில் எந்த போட்டோவும் ரொம்ப நாள் தாங்காது, கண்ணாடிக்குள் பூஞ்சை ஏறிவிடும். போன வருஷ ஆடி மழையில் அம்மாவின் முகம் பாதி வெள்ளை பூத்துப் போயிருந்தது. ஸ்கேன் பண்ணி வைத்துவிடலாம் என்று பின்பக்க அட்டையைக் கழற்றினேன். போட்டோவின் முதுகில் ஒரு ஸ்டுடியோ முத்திரை. ஊர், கோத்தகிரி. பக்கத்தில் பேனாவால் 1982.

நாங்கள் கேட்டு வளர்ந்த கதை ஒரே வரிதான். "பெரியவங்க பேசி முடிச்சாங்க, சிலோன்ல கல்யாணம், அப்புறம் கப்பல் ஏறி வந்தோம்." அண்ணன் பிறந்தது 1980-ல். கல்யாணக் கோலத்தில் நிற்கிற இந்த இரண்டு பேருக்கும் அப்போது இரண்டு வயசுப் பிள்ளை இருந்திருக்க வேண்டும். ஸ்கேன் பண்ணிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் முந்தானை ஓரத்தை, படத்துக்கு வெளியிலிருந்து நாலு சின்ன விரல்கள் பிடித்திருந்தன. அண்ணனுக்கு அனுப்பினேன். "அது நான்தான், வேற யாரு?" என்று பதில் வந்தது. அப்பா அம்மாவின் கதையை ஒழுங்காகக் கேட்டு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

நீலகிரியில் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. இந்த இரண்டாவது பேர் எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும். அப்பாவின் பாட்டன் காலத்திலேயே கடல் தாண்டிப் போன குடும்பம். அப்பா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். கப்பல் ஏறும் வரைக்கும் அவர் இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். சொத்துப் பிரிக்கிற மாதிரி. இது எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். இந்தக் கணக்குக்குள் இரண்டு பேர் எப்படிக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள் என்பதுதான் எங்கேயும் கிடைக்காது.

முதல் தடவை நான் பண்ணியது படு முட்டாள்தனம். போனை அம்மாவுக்கு முன்னால் வைத்து, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எப்படிம்மா சந்திச்சீங்க?" என்று கேட்டேன். அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு, பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுக்கிற குரலில், "பெரியவங்க பேசி முடிச்சாங்க" என்றாள். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து பஸ் ஏறி வந்தும் இதே கதைதான்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். "கப்பல்ல வந்தப்ப இதுல என்னம்மா இருந்துச்சு?" என்று சும்மா கேட்டேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். ரெண்டு கம்பளி. ஒரு பித்தளைக் குடம். முருகன் படம். பழைய சேலைக்குள் பொட்டலம் கட்டிய கிராம்பு, இங்கே வந்து விற்றுக்கொள்ளலாம் என்று. கொழுந்துக் கூடை மட்டும் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். "இந்தியாவுல போயும் கொழுந்தா எடுக்கப் போற?" என்று. அந்தக் கேள்விக்கு அம்மாவே சிரித்தாள். முப்பத்தஞ்சு வருஷம் கோத்தகிரியில் எடுத்தது கொழுந்துதானே.

அதற்கப்புறம் மனசைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பொருளைப் பற்றியே கேட்டேன். லயத்து வாசலில் என்ன இருந்தது, தண்ணி எங்கே பிடித்தார்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துக்கு எத்தனை மணிக்குப் போகணும், யார் பேர் போடுவார்கள். அப்படி ஒரு நாள், "உனக்குன்னு நல்ல சேலை எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டதற்கு வந்த பதிலில் அப்பா வந்து விழுந்தார்.

"நல்லது ஒண்ணே ஒண்ணு, மஞ்சள்ல. அதையும் உங்கப்பா கட்டிக் கெடுத்துட்டாரு."

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாசம் காமன் கூத்து நடக்கும். பிறை பார்த்துக் காமன் நட்டு, பௌர்ணமியில் மன்மதனை எரிக்கிற வரைக்கும் ராத்திரி ராத்திரியாக ஆட்டம்தான். ரதி வேஷமும் ஆம்பளைதான் கட்டுவார். 1977 மாசியில் மேல் டிவிஷன் ஆட்களுக்கு ரதி எங்கள் அப்பா. மருந்தடிக்கிற வேலையில் இருந்த இருபத்திரண்டு வயசுப் பையன், மீசையை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். வேஷத்துக்குச் சேலை கேட்டு லயம் லயமாக வந்தபோது அம்மாவின் அத்தை, அம்மாவைக் கேட்காமலே அந்த மஞ்சள் சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டார். மன்மதன் எரிந்த ராத்திரி ரதி விழுந்து புரண்டு அழுததில் சேலை முழுக்கச் சாம்பலும் சேறும். மறுநாள் துவைத்து மடித்து அவரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "கறை போகல. அதச் சொல்லித் திட்டுனேன். மறுவாரம் பார்சோப்பு வாங்கிட்டு வந்து நின்னாரு." அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள். நானும் நிறுத்திக்கொண்டேன்.

அதே வருஷம் ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். அதைப் பற்றி அப்பா ஒரு வரிகூடப் பேச மாட்டார், நானும் கிளறவில்லை. அது முடிந்ததும், இருப்பதா போவதா என்று மனசு ஊசலாடிக்கொண்டிருந்த குடும்பமெல்லாம் பயணத்துக்குத் தயாரானது. அதில் அம்மாவின் வீடும் ஒன்று.

இங்கிருந்துதான் காகிதங்களின் கதை. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் இருந்தது. எங்கள் ஆட்கள் வாயில் அது 'கண்டி ஆபீஸ்'. பாஸ்போர்ட்டோடு குடும்பத்துக்கு ஒரு ஃபேமிலி கார்டு அங்கே கொடுப்பார்கள். யார் யார் வருகிறார்கள், வயசு என்ன, இந்தியாவில் எந்தத் திட்டத்தில் குடியேற்றம் என்று அதில் இருக்கும். அப்பாவின் கார்டு தகரப்பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே கிடைத்தது. திட்டம், வியாபாரக் கடன். இடம், திருச்சி மாவட்டம். தாத்தா, பாட்டி, அப்பா, ரெண்டு சித்தப்பா எல்லோரும் ஒரே நீல மையில் டைப் அடித்த மாதிரி அழகான கையெழுத்தில். கடைசியில் கறுப்பு மையில், வேறொரு அவசரக் கையெழுத்தில் அம்மாவின் பெயர்.

தாய்மாமா இருப்பது பந்தலூர் பக்கம், டேன்டீ குவார்ட்டர்ஸில். சிலோன் ஆட்களுக்காக 1968-ல் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பின்னால் டேன்டீ ஆனது. கோத்தகிரியிலிருந்து ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறிப் போனேன். மாமா முதலில் டீயும், அப்புறம் அத்தை கையால் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கார்டை எடுத்து வந்தார். அதில் நாலாவதாக அம்மாவின் பெயர். அதன் மேல் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு, ஓரத்தில் ஒரு சின்னக் கையெழுத்து.

அந்தக் கோட்டுக்கு அர்த்தம் மாமா சொல்லித்தான் புரிந்தது. அம்மா வீட்டுக்கு விழுந்தது தேயிலைத் தோட்டத் திட்டம். வேலை உண்டு, வீடு உண்டு. அப்பா வீட்டுக்கு விழுந்ததோ கையில் கொஞ்சம் கடன், தெரியாத ஊர், தெரியாத வியாபாரம். அவரவர் கார்டோடு அவரவர் போயிருந்தால் ஒருத்தர் கூடலூர், இன்னொருத்தர் திருச்சி. கப்பலேறிய பிறகு யார் எங்கே என்று தேடுவது நடக்கிற காரியமில்லை. அதனால் கப்பலுக்கு முன்னாலேயே பதிவுக் கல்யாணம். அம்மா வழித் தாத்தாவுக்கு அதில் சம்மதமில்லை. "வேல செய்யுற கை ஒண்ணு கொறஞ்சு போச்சுன்னு அப்பாவுக்கு ஆங்காரம்" என்றார் மாமா. மூணு நாலு வருஷம் மகளோடு பேச்சில்லை. பெரியவங்க பேசி முடிச்சாங்களாம்!

பதிவுச் சான்றிதழ் நகல் வாங்கத்தான் அதிகம் அலைந்தேன், அதாவது எனக்காக இலங்கையில் ஹட்டனில் இருக்கும் ஒரு உறவுக்காரப் பையன் அலைந்தான். பெயரைக் கொடுத்துத் தேடியதில் முதல் இரண்டு தடவை இல்லை என்று வந்துவிட்டது. தோட்டத்துப் பதிவுகளில் பெயர் என்பது எழுதியவர் காதில் விழுந்த சத்தம்தான். அப்பாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெயரை மட்டும் நம்பாமல், எப்படியெல்லாம் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று ஏழெட்டு எழுத்துக்கூட்டலோடு, தாத்தா பெயரையும் சேர்த்து, முன்னே பின்னே ஒரு வருஷம் விட்டுத் தேடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை கிடைத்தது. 1979 பிப்ரவரி. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று கைநாட்டு, மஞ்சள் சேலையை எடுத்துக் கொடுத்த அதே அத்தை.

பயணத்தைப் பற்றிக் கேட்க அப்பாவை ஒரு சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போனேன். முகம் பார்க்காமல், பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் அவருக்குப் பேச்சு வருகிறது. தலைமன்னாருக்குப் போகிற ரயிலுக்கு ஜனங்கள் வைத்திருந்த பேர் அழுகைக் கோச்சி, கோச்சி என்றால் ரயில். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்களாம். அப்புறம் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப். திருச்சிப் பக்கம் வைத்த பெட்டிக்கடை ஒன்றரை வருஷம்கூட ஓடவில்லை. "யாவாரம் பண்ண நமக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கடன் கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியல." மலை ஏறினால் தேயிலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, கைக்குழந்தையோடு 1981-ல் கோத்தகிரி. எங்களைப் போலக் கீழே போட்ட பணத்தைத் தொலைத்துவிட்டு, தெரிந்த தொழிலைத் தேடி மலைக்கு வந்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பம்.

போட்டோ? அது ரொம்பச் சாதாரண விஷயம். மூணு நாலு வருஷக் கோபம் ஆறி, அம்மாவின் அப்பா கோத்தகிரி வருவதாகக் கடுதாசி போட்டிருக்கிறார். கல்யாணத்தில் போட்டோ எடுக்க வசதி இல்லை. அவர் வரும்போது சுவரில் ஒன்று தொங்க வேண்டுமே என்று, பூக்கடையில் ரெண்டு மாலை வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்து, பொங்கலுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் எழுதி, தெரியாமல் வெளியிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடிக்காததை எடுத்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கலவரம் பற்றி இருந்த அந்த ஒரு வரிக்கு மட்டும் கண்ணைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ரதி வேஷம் வந்ததும் எழுந்து போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கார்டு பற்றிய பகுதியை நான் கொஞ்சம் உருகி எழுதியிருந்தேன். 'கோபத்தில் தாத்தா மகளின் பெயரை அடிக்கச் சொன்னார், ஒரே கோட்டில் அவள் வீடில்லாதவள் ஆனாள்' என்று. மாமா அப்படிச் சொல்லவே இல்லை. கோட்டைப் பார்த்ததும் நானாக எழுதிக்கொண்டது.

"நிறுத்து" என்றாள் அம்மா. "தாத்தா எங்க அடிச்சாரு? அவரு கண்டிக்கே வரல."

"அப்ப யாரும்மா?"

"நான்தான். கலியாணப் பத்திரத்தக் காட்டி, எம் பேர இதுலருந்து எடுத்து அதுல போடுங்கன்னு கேட்டேன். அந்த ஐயா மூணு தரம் கேட்டாரு, தோட்ட வேலையை விட்டுட்டு யாவாரக் கடனுக்கா போறே, யோசிச்சுக்கம்மான்னு. கோணலா இழுத்துடப் போறாரேன்னு, மேசையில கெடந்த அடிமட்டத்த நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் ஆபீஸுக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தாராம். மூணு தரம் கேட்ட விஷயம் அவருக்கும் இப்போதுதான் தெரியும்.