ஓ.எல். விஞ்ஞானம்: அமுக்கத்தைத் துணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞானப் பேப்பரில் பௌதிகவியல் என்றாலே ஓடி ஒளிகிற பிள்ளைகள் நம்ம பக்கம் நிறைய. உயிரியலை வாசித்துச் சமாளித்துவிடுவார்கள், இரசாயனத்தில் சமன்பாடுகளைப் பாடமாக்கிவிடுவார்கள், அமுக்கம் வந்ததும் பேனை நின்றுவிடும். நான் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படித்தவள். இப்போது பின்னேரங்களில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுடைய கொப்பியைப் புரட்டினால் சடப்பொருளின் நிலைகள் ஒரு மூலையில், அணு இன்னொரு மூலையில், அமுக்கம் எங்கோ கடைசியில் கிடக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் பாதி வேலை குறையும், எனக்கு அப்படித்தான் குறைந்தது.

முதலில் சூத்திரத்தை மூடி வையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று பாமசியில் வாங்குங்கள். உள்ளே காற்றை இழுத்து, சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அமுக்குங்கள். கிட்டத்தட்ட பாதிவரை போகும், போகப் போக விரல் நுனியைக் காற்று தள்ளுவது தெரியும், கையை எடுத்தால் தண்டு தானாகத் திரும்பி வரும். அடுத்தது, குமிழி ஒன்றும் இல்லாமல் தண்ணீரை நிரப்பி அதையே செய்யுங்கள். அசையாது. வாயுவில் துணிக்கைகளுக்கு (அணு, மூலக்கூறு போன்ற சிறு துகள்களுக்கு) இடையே வெற்றிடம் அதிகம், திரவத்தில் அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, அமுங்க இடமில்லை. விரலைத் தள்ளியது என்ன? எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் காற்றுத் துணிக்கைகள் சுவரிலும் விரலிலும் வந்து மோதுகிற மோதல்தான். இடம் பாதியானால் அதே துணிக்கைகள் அதே பரப்பில் இரு மடங்கு தடவை மோதும், அமுக்கமும் இரு மடங்காகும். வாயு அமுக்கம் என்றால் இவ்வளவுதான். இது கைக்குப் பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் இதன் தொடர்ச்சி.

நிலை மாற்றத்தில் பிள்ளைகள் எழுதுகிற ஒரு பதில் எனக்கு எரிச்சலூட்டும்: "சூடாக்கும்போது துணிக்கைகள் பெரிதாகின்றன". ஆகாது. துணிக்கை உருகுவதும் இல்லை, வீங்குவதும் இல்லை, அதன் வேகமும் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள தூரமும்தான் மாறுகின்றன. கேத்தலைக் கொதிக்க விட்டு அதன் மூக்கைக் கவனியுங்கள். மூக்கு நுனிக்கும் வெள்ளையாகப் புகைகிற இடத்துக்கும் நடுவில் ஒரு விரலளவு ஒன்றுமே தெரியாத இடம் இருக்கும். அங்கே இருப்பதுதான் நீராவி (கையை வைத்துப் பார்த்துவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும்). வெள்ளையாகத் தெரிவது நீராவி குளிர்ந்து ஒடுங்கிய சின்னஞ்சிறு துளிகள், அது திரவம். பின்னேரம் தேயிலை மலையை மூடுகிற பனிமூட்டமும் திரவத் துளிகள்தான். வாயு என்று அதை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

சரி, இனி நம்ம ஊருக்கு மட்டுமே உரிய விசயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும், வளிமண்டல அமுக்கம் குழாய்க்குள் 76 சென்ரிமீற்றர் உயர இரச (பாதரச) நிரலைத் தாங்கும் என்று இருக்கும். இரண்டும் கடல் மட்டத்துக்கான கணக்கு. நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் தலைக்கு மேல் இருக்கிற காற்று கொழும்புக்காரருக்கு மேல் இருப்பதைவிடக் குறைவு, ஆகவே அமுக்கம் அங்கே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான் வரும். இரச நிரல் 61 சென்ரிமீற்றர் அளவில் நிற்கும், தண்ணீர் 94 பாகையை அண்டியே கொதித்துவிடும். ஏன்? தண்ணீருக்குள் உண்டாகிற ஆவிக் குமிழியை வெளி அமுக்கம் நசுக்கப் பார்க்கும், குமிழிக்குள் இருக்கும் ஆவியின் அமுக்கம் அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு வந்தால்தான் குமிழி தாக்குப்பிடித்து மேலே வரும். வெளி அமுக்கம் குறைந்த இடத்தில் அந்த ஈடு குறைந்த வெப்பநிலையிலேயே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இங்கே பருப்பு அவிய இவ்வளவு நேரம். "இன்னும் ரெண்டு விறக வையி" என்று அம்மா சொல்லுவார், வைத்தால் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும், வெப்பநிலை ஏறாது. சேர்கிற வெப்பம் முழுக்கத் துணிக்கைகளைப் பிரித்தெடுக்கவே போய்விடும், மறை வெப்பம் என்று பாடத்தில் வருவது இதுதான். குக்கர் வாங்கினால் ஆவி உள்ளேயே அடைபட்டு அமுக்கம் ஏறும், கொதிநிலையும் 100 ஐத் தாண்டும். ஒரு எச்சரிக்கை: சோதனையில் கேள்வியில் தந்திருக்கிற பெறுமானத்தைத்தான் பாவிக்க வேண்டும், 94 ஐக் கொண்டுபோய்க் கணக்கில் போடாதீர்கள்.

உயரத்தில் அமுக்கம் குறையும் என்பதை முதலில் மலையேறிக் காட்டியதும் ஒரு குடும்பக் கதை. 1648 இல் பஸ்கால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாரிஸில் இருந்துகொண்டு, தன் அக்காவின் புருஷன் பெரியேயை இரசக் குழாயோடு புய் தெ டோம் என்ற மலைக்கு அனுப்பினார். உச்சியில் இரசம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. (அந்த மலை 1465 மீற்றர், நுவரெலியா டவுனே அதைவிட உயரம்!) எனக்குப் பிடித்தது அது இல்லை. அதே மாதிரி இன்னொரு குழாயை அடிவாரத்தில் ஒரு மடத்துத் தோட்டத்தில் வைத்து, ஒரு துறவியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அதில் மாற்றமே இல்லை. அப்போதுதானே காலநிலையால் இறங்கவில்லை, உயரத்தால்தான் இறங்கியது என்று அடித்துச் சொல்லலாம்? கட்டுப்பாட்டுப் பரிசோதனை எதற்கு என்று கேள்வி வந்தால் அந்தத் துறவியை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

திரவ அமுக்கத்துக்கு நம்ம தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியே போதும். தாங்கி மேட்டில், லயங்கள் வரிசையாகக் கீழே. மேல் லயத்துப் பைப்பில் நூலாக ஒழுகும், கடைசி லயத்தில் வாளி அதிரும். பைப்பை மூடி வைத்திருக்கும்போது, நீர் மட்டத்திலிருந்து 5 மீற்றர் கீழே உள்ள பைப்பில் அமுக்கம் = 5 × 1000 × 10 = 50,000 பஸ்கால் (அமுக்கத்தின் அலகு, அவர் பெயரில்தான்). 25 மீற்றர் கீழே என்றால் 250,000. ஆழம், அடர்த்தி, ஈர்ப்பு ஆர்முடுகல், மூன்றே மூன்று. தாங்கி பெரிதா சிறிதா என்பது இதில் வரவே வராது, பல்தேர்வுக் கேள்விகளில் வடிவம் வேறுவேறான பாத்திரங்களை வரைந்து ஏமாற்றுவது இங்கேதான். விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர் உயரம். அவ்வளவு ஆழத் தண்ணீர் என்று எடுத்துப் போட்டுப் பாருங்கள், வளிமண்டல அமுக்கத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு வரும். அணை ஏன் அடியில் தடித்திருக்கிறது என்று பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

திண்மத்தில் விசையைப் பரப்பளவால் பிரிப்பது மட்டும்தான். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் வெட்டாமல் இருக்க அம்மாமார் துணியை நாலாக மடித்து வைப்பார்களே, கூடையின் நிறை அதேதான், அது தாங்குகிற பரப்புதான் கூடியது. கணக்கில் விழுகிற குழி வேறு, அலகு மாற்றம். 2 கிலோகிராம் திணிவுள்ள, 20 × 10 × 5 சென்ரிமீற்றர் கட்டை ஒன்று. நிறை 20 நியூற்றன். ஆகச் சிறிய முகம் 50 சதுர சென்ரிமீற்றர், அதாவது 0.005 சதுர மீற்றர், அமுக்கம் 4000 பஸ்கால். பெரிய முகம் 0.02, அமுக்கம் 1000. சதுர சென்ரிமீற்றரை மீற்றருக்கு மாற்ற 10,000 ஆல் பிரிக்க வேண்டும், 100 ஆல் அல்ல.

அணுப் பகுதி புள்ளி அள்ளுகிற இடம், அதிகம் மினக்கெடத் தேவையில்லை. சோடியத்தின் அணுவெண் 11, திணிவெண் 23 என்றால் நியூத்திரன் 23 − 11 = 12. அயனானால் 11 இலத்திரனில் ஒன்று போய் 10 ஆகும், புரோத்தன் அசையாது. முதல் இருபது மூலகங்களின் இலத்திரன் நிலையமைப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினால் முடிந்தது.

பேப்பரைப் பற்றி: முதல் பகுதியில் ஒரு மணித்தியாலத்தில் 40 பல்தேர்வு, கேள்விக்கு ஒன்றரை நிமிசம்தான். அமுக்கக் கணக்கு நீளமாக இருந்தால் அடையாளம் போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள், பிறகு வரலாம். இரண்டாம் பகுதியில் நேரம் இருக்கிறது, அங்கே சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று வரிவரியாக எழுதுங்கள், விடை பிழைத்தாலும் மேலே உள்ள வரிகளுக்குப் புள்ளி கிடைக்க வழியுண்டு. "விளக்குக" என்று வந்தால் ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். கொழும்பில் வாங்கிய மிக்சர் பக்கட் மலைநாட்டு ஹட்டனுக்கு வரும்போது உப்பி நிற்பது ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் "உள்ளே காற்று கூடியதால்" என்கிறார்கள். பக்கட் மூடியிருக்கிறது, எங்கிருந்து கூடும்? இப்படி எழுதுங்கள்: பக்கட்டினுள் இருக்கும் வாயுத் துணிக்கைகளின் எண்ணிக்கை மாறவில்லை. உயரம் கூடும்போது வெளியே வளிமண்டல அமுக்கம் குறைகிறது. உள் அமுக்கம் வெளி அமுக்கத்தைவிட அதிகமாவதால் உறை வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறது, கனவளவு கூடுகிறது.